துரையிடம் சொல்லு

வல்லக்கோட்டைக் கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் ஒரு சிற்றூர். அங்கே வாங்கி வந்த பூனை வீட்டில் தங்கவில்லை என்றாலும் கனகத்திடம் வருவார்கள், கட்டி வந்த மருமகள் தங்கவில்லை என்றாலும் கனகத்திடம் வருவார்கள். கல்யாணமாகி வந்த கொஞ்ச காலத்திலேயே அவளுக்கு அப்படி ஒரு பேர் வாய்த்துவிட்டது. படிப்பு ஒன்றும் கிடையாது. கண் திறந்திருக்கும், காது திறந்திருக்கும், வாயும் திறந்தே இருக்கும். அந்த வாய்தான் அவளைக் கெடுத்தது.

“பூனைக்குட்டியக் கோணிப்பைல கட்டித்தான் எடுத்தாரணும், வழி தெரியக்கூடாது. வந்ததும் அடுப்ப மூணு சுத்து சுத்தி வுடு. அப்பால தொரத்தினாலும் போவாது” என்பாள். நாய்க்குச் சொறி என்றால் வேப்பெண்ணெயில் கந்தகத்தைக் குழைத்துப் பூசச் சொல்வாள். கன்று செத்துப் பால் இறக்காத மாட்டுக்கு, அந்தக் கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்தச் சொல்வாள். சொன்னதில் பாதி பலிக்கும். பலிக்காத பாதியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்தியருக்கும் ஜோசியருக்கும் வாய்த்த அதே அதிர்ஷ்டம்தான், வேறென்ன.

மனிதர் சங்கதிக்கும் அவளிடம் மருந்து இருந்தது. புருஷன் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் எந்த வம்பையும் எடுக்காதே என்பாள். மாமியார் கத்தினால் பாத்திரத்தைப் போட்டுத் தேய், சத்தத்துக்குச் சத்தம் சரியாகிவிடும் என்பாள். பெண்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். போய்ச் செய்தும் பார்ப்பார்கள்.

அவள் புருஷன் கோதண்டராமனுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை, மேட்டில் வேர்க்கடலை என்று பயிர் வைக்கிற குடும்பம். உழைப்பாளி, நல்லவன், ஆனால் ஆத்திரம் வந்தால் முன்னும் தெரியாது பின்னும் தெரியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றே கால்தான். மாலையில் கழனியிலிருந்து வந்ததும் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே, “இன்னா கனகம், இன்னிக்கு எந்த வூட்டுக் கேஸு?” என்று கேட்பான். அவள் சொல்லச் சொல்லச் சிரிப்பான். வெறும் கூழாக இருந்தாலும் அந்த வீட்டில் பேச்சுதான் தொடுகறி. அந்தப் பேச்சு இருக்கிற வரைக்கும் தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று கனகம் நினைத்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கண்ணேறு பட்டது என்றாவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

கோதண்டராமனின் தங்கை கங்காவை மணிமங்கலத்தில் நரசிம்மன் என்பவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவனுக்கு நாக்கில் தேளும் உண்டு, கை நீட்டுகிற பழக்கமும் உண்டு. ஒருநாள் கங்கா ஒரு துணிமூட்டையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. கோதண்டராமன் உடனே துண்டை உதறித் தோளில் போட்டான்.

“வா, நானே கூட்டிக்கினு போறேன். அவனாண்ட நாலு வார்த்த கேட்டுட்டு, வுட்டுட்டு வரேன்” என்றான்.

கனகம் குறுக்கே வந்தாள். “நீங்களாப் போய் வுட்டா அவனுக்கு இன்னும் எளக்காரம்தான். அவுத்துக்கினு போன மாட்ட நாம தேடக்கூடாது, தண்ணி காட்டுற நேரத்துக்கு அதுவா வரும். கங்கா இங்கியே இருக்கட்டும். சோறு பொங்கிப்போட ஆள் இல்லன்னா தானா வருவான், பாருங்க.”

கங்கா அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். “அண்ணி சொல்றதும் சரிதான்” என்று மூட்டையை உள்ளே வைத்தாள். கோதண்டராமனும் துண்டைக் கழற்றி மாட்டிவிட்டான். ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவள் தன் நாத்தனாருக்குத் தப்பாகவா சொல்லிவிடுவாள்?

மாடு வரும். மனிதன் மாடா? ஆடி போயிற்று, ஐப்பசி மழை போயிற்று, நரசிம்மன் வரவில்லை. கார்த்திகையில் சேதி வந்தது, அவன் தன் அக்காள் மகளுக்கே தாலி கட்டிவிட்டான் என்று. அன்றைக்கே கங்கா தலையை முடிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் மணிமங்கலத்துக்கு நடந்தாள். அவர்கள் அவளைத் துரத்தவில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஓர் இடம் கொடுத்தார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், தை மாதம். கோதண்டராமன் தன் பங்காளி வீட்டுத் தம்பி பலராமனைக் கூட்டிக்கொண்டு தங்கையைப் பார்க்கப் போனான். கங்கா சாணிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். புதிதாக வந்தவள் வாசலில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் கங்கா கூடையை இறக்கவும் இல்லை. “சாப்ட்டியா அண்ணே” என்று மட்டும் கேட்டுவிட்டு எருக்குழிப் பக்கம் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கோதண்டராமன் வீடு திரும்பியபோது உள்ளே வரவில்லை. வாசலில் நின்றான். கண்கள் சிவந்திருந்தன. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் சொன்னான்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. இவ வாயால என் தங்கச்சி பொழப்பு மண்ணாப் போச்சு. வல்லக்கோட்டை முருகன் சந்நிதில கற்பூரம் அணைச்சுட்டு வந்துட்டேன். இனிமே இவளோட ஒரு பேச்சுப் பேசினேன்னா, என் பொண்ணு எனக்கு இல்ல.”

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, அந்தச் சூட்டின்மேல் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு அப்பீலே கிடையாது. அந்தப் பக்கத்தில் கொலைகாரன்கூட அதற்குத் துணிய மாட்டான். கனகம் கூட்டத்தைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. கோழிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மூன்று வயது மகள் லீலாவை வாரி எடுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? கோபம் வந்தால் சட்டியை உடை, பானையை உடை, நாலு நாள் சாப்பிடாமல் கிட. பெற்ற பெண்ணின் தலையை யாராவது பந்தயத்தில் வைப்பார்களா? இந்த மனுஷன் வைத்தான். ஊரில் இருந்த நாலு பெரியவர்கள் மறுநாளே வந்து, கோபத்தில் சொன்னதைச் சாமி கணக்கில் வைக்காது என்று சமாதானம் பேசினார்கள். அவன் தூணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவளுக்குக் கேட்க நியாயம் இல்லை. கங்கா விஷயத்தில் தப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்கே தெரியும். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மௌனத்துக்கு நடுவில்தான் துரை வந்தது. ஏரிக்கரையில் எவனோ விட்டுவிட்டுப் போன நாய்க்குட்டி. கோதண்டராமன் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. வெளுத்த உடம்பு, செம்பட்டைக் காது. பார்க்கிறவர்கள் வெள்ளைக்காரத் துரை என்றார்கள், அதுவே பேராகிவிட்டது. கனகம் வழக்கம்போல அதை அடுப்பைச் சுற்றி மூன்று சுற்று எடுத்து வந்து இறக்கிவிட்டாள். அது தங்கியது. அது தங்கியதை மட்டும் அவள் கடைசி வரைக்கும் நன்றியோடு நினைத்தாள்.

ஒருநாள் அவன் கழனியிலிருந்து வந்து சும்மா உட்கார்ந்திருந்தான். பசி என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கனகம் குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “துரை, களி கிண்டி வெச்சிக்கீதுன்னு சொல்லு.”

அவன் கையை நீட்டிக் குட்டியைக் கிட்ட இழுத்தான். பிறகு நாயைப் பார்த்து, “துரை, கீரை இருந்தா அதையும் போடச் சொல்லு” என்றான்.

கனகம் அடுப்படிக்குப் போய், புகை பட்டதுபோல முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் ஆட்டையும் மாட்டையும் பார்த்து ஜாடை பேசுவது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். வீட்டுக்கு வீடு வாசப்படி. ஆனால் அதெல்லாம் நாலு நாளுக்கு. இவர்கள் அதிலேயே குடித்தனம் நடத்தினார்கள். விதைநெல் எவ்வளவு எடுப்பது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது, கூரைக்கு எப்போது கீற்று மாற்றுவது எல்லாம் துரை வழியாகத்தான். துரையும் பெரிய மனுஷன் மாதிரி நடுவில் உட்கார்ந்து ஒருதடவை அந்தப் பக்கம், ஒருதடவை இந்தப் பக்கம் தலையைத் திருப்பும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். “நாயோட பேசக்கூடாதுன்னு சத்தியத்துல இல்லியே” என்று ஊர்க்காரர்கள் கேலி பேசினார்கள்.

லீலாவைத் தூது விடலாமே என்று சிலர் சொன்னார்கள். கனகம் ஒப்பவில்லை. “அவ தலமேல நிக்கிற சத்தியம். அவ வாயால அது வேணாம்” என்றாள். தானாக நேரே அவனிடம் பேசுவதும் இல்லை. சத்தியம் செய்தவன் அவன்தான், அவளுக்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் வாயில் வந்துவிடும் அல்லவா? மறதியாக ஒரு ‘ஆமாம்’ போதுமே, பெண்ணின் உயிரைக் கொண்டுபோக.

மனிதர் சங்கதிக்கு வழி கேட்டு வருகிறவர்களை அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள். “ஆடு மாடு நாய் பூனைன்னா கேளு, சொல்றேன். மனுசாளப் பத்தி என்னைக் கேக்காத” என்பாள். ஊருக்குத்தான் உபதேசம் உனக்கில்லடி பெண்ணே என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. அவளுக்கு அது காதில் விழும். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே அவன் ஒருதடவை “இன்னா கனகம்” என்று கேட்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம், அந்த ஒன்று போதும்.

லீலா வளர்ந்து கல்யாணப் பேச்சு வந்தது. குன்றத்தூர் மாப்பிள்ளை, பரசுராமன், அம்பத்தூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட், ஓ.டி. என்று பேசுவான், நல்ல பையன். பெண்ணைத் தாரை வார்க்கும்போது தாயும் தகப்பனும் ஒன்றாக நிற்க வேண்டுமே என்று கனகத்துக்குக் கவலை. ஒரு கிருத்திகையன்று வல்லக்கோட்டைக்குப் போய்க் குருக்களிடம் கேட்டாள். சத்தியம் செய்தவரே வந்து, குளத்தில் முழுகி, அதே சந்நிதியில் மறுபடி கற்பூரம் ஏற்றி, தப்பு தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டால் முருகன் விட்டுவிடுவான் என்றார் அவர். அவ்வளவுதானா? அவள் திரும்பி வந்த நடையில் செருப்பில்லாத காலுக்கு வெயிலே தெரியவில்லை.

அவன் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் காத்திருந்தாள். தான் ஊருக்குச் சொன்ன விதி அல்லவா.

“துரை, ஒருநாள் வல்லக்கோட்டைக்கு வந்தாப் போதுமாம்னு சொல்லு. கொளத்துல முழுகி, கற்பூரம் ஏத்தி, மாப்பு கேட்டா எல்லாம் தீந்துடுமாம். குருக்களே சொன்னாரு. பொண்ணு கல்யாணத்துக்கு முந்தி ஒருநாள் வரச் சொல்லு.”

துரைக்கு அப்போது வயதாகிவிட்டது. பாதிக் கண் மூடிக்கொண்டே அவன் பக்கம் தலையைத் திருப்பியது. அவன் முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன்போல இருந்தது. பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“துரை, அதெல்லாம் வேணாம்னு சொல்லு. நான் அங்க வரமாட்டேன்.”

எழுந்து கழனிக்குப் போய்விட்டான். கனகம் எச்சில் தட்டைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு இன்னும் ஆறவில்லை, இனி ஆறவும் ஆறாது என்று முடிவு கட்டிக்கொண்டாள். கல்யாணம் நடந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் கையோடு ஒருவர் கை ஒட்டி, பெண்ணைத் தாரை வார்த்தார்கள். தாரை வார்த்த பிறகும் அவன் கையை உடனே எடுக்கவில்லை. அதற்கு அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது?

லீலா முதல்தடவை முழுகாமல் இருந்த சமயம் அது. கனகம் வைக்கோல் போரில் குனிந்து வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். காலுக்கு ஒரு முழத்தில் நல்ல பாம்பு. தூரத்தில் நின்ற கோதண்டராமன் பார்த்துவிட்டான்.

“கனகம்!”

அவள் துள்ளி விலகினாள். பாம்பு போரடியில் நுழைந்து போனது. பாம்புப் பயமே அவளுக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். இத்தனை காலம் கழித்து அந்தப் பேர், அந்தக் குரலில். அப்புறம்தான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவன் தன் வாயைத் தானே கையால் மூடிக்கொண்டு நின்றான்.

அந்த வாரமே குன்றத்தூரிலிருந்து ஆள் வந்தான். லீலாவுக்குக் கரு கலைந்துவிட்டது. வந்தவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோதண்டராமன் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தான். அங்கேயே விளக்கு வைக்கிற வரைக்கும் இருந்தான். மாமியாரோடு புளி மூட்டை தூக்கினாள், அதனால்தான் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டருக்கு என்ன தெரியும்? இந்த இரண்டு பேருக்கு அல்லவா தெரியும்.

அதற்குப் பிறகு துரையிடம் பேசுவதுகூடக் குறைந்துவிட்டது. துரையும் ஒரு மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள், வேப்பமரத்தடியில் படுத்த இடத்திலேயே செத்துக் கிடந்தது. கோதண்டராமனே குழி வெட்டினான். வெட்டிக்கொண்டே அழுதான். ஆண்பிள்ளை ஒரு நாய்க்கு இப்படி அழுகிறானே என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். கனகம் நினைக்கவில்லை. தங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே வாய் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு குட்டி கொண்டுவந்து அடுப்பைச் சுற்றிவிட்டாள். அது நாலாம் நாளே ரோட்டில் லாரியில் அடிபட்டது. கோழியிடம் சொல்லிப் பார்த்தாள், கோழி நிற்கவில்லை. பசுமாட்டிடம் சொல்லிப் பார்த்தாள், அவன் பதில் சொல்லவில்லை. தட்டை வைக்கிற சத்தம்தான் சாப்பிட வரலாம் என்பதற்கு அடையாளம், அவன் செருமுகிற சத்தம்தான் போதும் என்பதற்கு அடையாளம். இப்படியே வருஷங்கள் போயின. நல்லது கெட்டது எதுவும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் தனித்தனியாக வயதானார்கள்.

லீலாவுக்கு இன்னும் ஒரு கரு கலைந்து, கடைசியில் எழுபத்தொன்பதில் ஒரு கரு நின்றது. நிறைமாதம். பஸ்ஸில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் பிரசவத்துக்குத் தாய் வீடு வராமல் குன்றத்தூரிலேயே இருந்தாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் கோதண்டராமன் படுத்தான். மஞ்சள் காமாலை முற்றிவிட்டிருந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள், ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கூட்டிப்போனாள். வீட்டுக்கு அழைத்துப் போய் நன்றாகப் பார்த்துக்கொள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்தது.

ஒரு மத்தியானம். அவள் துணியை நனைத்து அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் வலுவே இல்லை. கண்ணில் மட்டும் ஒரு தெளிவு இருந்தது. உதட்டை நனைத்துக்கொண்டான்.

“கன...”

அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.

“வேணாம். பேசாதீங்க.” இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவள் அவனிடம் நேராகப் பேசி. “லீலாவுக்கு நெறமாசம். இவ்ளோ நாள் காப்பாத்தினீங்க. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்க. எனக்குத் தெரியும், நீங்க ஒன்னும் சொல்ல வேணாம்.”

என்ன தெரியும் அவளுக்கு? ஒன்றும் தெரியாது. சும்மா சொன்னாள். அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். இல்லை, இல்லை என்பதுபோல. அவள் உள்ளங்கைக்குள் உதடு அசைந்தது. ஏதோ சொன்னான். சொல்லிக்கொண்டே இருந்தான். சூடான மூச்சு மட்டும் கையில் பட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் அழுத்தினாள், குன்றத்தூரில் இருக்கும் பெண்ணை நினைத்துக்கொண்டே அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் உதடு நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் விரல்மேல் இறங்கியது. அவள் கையை எடுத்தபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

சாவுக்கு வந்த கங்கா அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நான் ஒருநாளும் உன்ன ஒன்னும் சொன்னதில்ல அண்ணி. எங்க அண்ணந்தான்...” என்று முடிக்காமல் விட்டாள். கருமாதிக்கு முன்பே லீலாவுக்குப் பிரசவம் ஆயிற்று. ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்று சேதி வந்தபோது, தாலி அறுத்த கழுத்தோடு உட்கார்ந்திருந்த கனகம் தன் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்தக் கை நல்ல வேலைதான் செய்தது என்று நினைத்தாள். கொஞ்ச நாளைக்கு அவளால் அப்படி நினைக்க முடிந்தது.

கருமாதிக்குப் பலராமன் வந்தான். அந்தக் காலத்தில் மணிமங்கலத்துக்குக் கூடப் போன அதே பலராமன். அந்த வருஷமே பெரம்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டவன். காரியமெல்லாம் முடிந்து, சாப்பிட்டவர்கள் கலைந்த பிறகு, வெற்றிலை போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

“கடைசி வரைக்கும் பேசாமயா பூட்டாரு அண்ணன்? நான் எப்பவோ சரியாப் பூட்டிருக்கும்னு நெனச்சேன்.”

“சத்தியம் இருக்கச் சொல்ல எப்படித் தம்பி பேசுவாரு?”

“இன்னா சத்தியம் அண்ணி?” பலராமன் மெல்லுவதை நிறுத்தினான். “அன்னிக்கு நாங்க வல்லக்கோட்டைக்குப் போவச்சொல்ல கோயில் நடை சாத்திட்டாங்களே. கொளத்தாண்ட கொஞ்ச நேரம் குந்திக்கினு இருந்தோம். கோவத்துல கத்திக்கினே இருந்தாரு, அப்பால அழுதாரு. வூட்டாண்ட வந்து கற்பூரம் அணைச்சேன்னு அவரு சொன்னப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. சும்மா பயமுறுத்துறாரு, ரெண்டு நாள்ல சிரிச்சுடுவாருன்னு வுட்டுட்டேன். புருஷன் பொண்டாட்டி வெவகாரம், நமக்கு இன்னாத்துக்குன்னு... உன்னாண்ட சொல்லவே இல்லியா?”

கனகம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாமி பேர்ல பொய் சொன்னோம்னு ஊருக்குத் தெரிஞ்சா கேவலம்னு இருந்திருப்பாரு,” என்றான் பலராமன், குரலைத் தாழ்த்தி. “அப்பால அவருக்கே பயம் புடிச்சிருக்கும். வேற இன்னா இருக்கப் போவுது.”

வல்லக்கோட்டைக்கு ஏன் வரமாட்டேன் என்றான் என்று அப்போது அவளுக்கு விளங்கியது. செய்யாத சத்தியத்தை எந்தச் சாமியிடம் போய் அவிழ்ப்பான்? ஒரு சொல்லில் தீர்ந்துபோகிற விஷயம். துரையிடம் சொல்லியிருந்தால்கூடப் போதுமே. அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு முரட்டு ஜென்மத்துக்கு ஆயுசு முழுக்க வேண்டியிருந்தது. கடைசியில் அதைச் சொல்லத்தான் கையைப் பிடித்தானா, இல்லை வேறு எதையாவது சொல்ல வந்தானா? இனி யாரைப் போய்க் கேட்பது?

“தம்பி,” என்றாள். “நான் அவரு வாயைப் பொத்திட்டேன்.”

பலராமனுக்குப் புரியவில்லை. புரிய வைக்க அவளுக்குத் தெம்பும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவன் எழுந்து போனான்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி பின்பக்கமாக வந்தாள். கல்யாணமாகி வந்து ஆறுமாதம்கூட ஆகாத பெண். இடுப்பில் ஒரு நாய்க்குட்டி. தாயைப் பிரித்துக் கொண்டுவந்த குட்டி, கத்தித் தீர்த்தது. துக்க வீடாயிற்றே என்று அவள் அதன் வாயைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். அது மூக்கால் முனகியது.

“அத்த, நேத்துலருந்து ஒரே கத்தல். எங்க வூட்டுக்காரரு திட்றாரு. வாயக் கட்டிப் போடட்டுமான்னு கேக்கறாரு. இன்னா பண்ணா நிக்கும் அத்த? அடுப்ப மூணு சுத்து சுத்தினா நிக்குமா?”

கனகம் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். குட்டியின் வாயை மூடியிருந்த விரல்களைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றாள். “எவளோ எனக்குச் சொன்னா, நான் உங்களுக்குச் சொன்னேன். நிக்குதோ நிக்கலியோ, எனக்கு ஒன்னும் தெரியாது.”

பாஞ்சாலி குட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“கையை எடு,” என்றாள் கனகம். “அது வாயிலருந்து கையை எடு முதல்ல.”

பாஞ்சாலி கையை எடுத்தாள். குட்டி மூச்சு வாங்கிக்கொண்டு, தலையைத் தூக்கி, வீடு முழுக்கக் கேட்கும்படி கத்த ஆரம்பித்தது. கனகம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தடவவில்லை, அதட்டவும் இல்லை. வலது கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டு, அது கத்துவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.